ஆயுத பூஜையன்று அடித்த காற்று

பொங்கலன்று காலை ஐந்தரை மணிக்கு, மயூர் விகாரிலிருந்து ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் புறப்பட்டோம். நிஜாமுதீன் பாலத்தை நெருங்குவதற்குள் காரின் முகப்பலகையில் மஞ்சள் நிற விளக்கு ஒன்று எரிந்தது. நடுவில் ஆச்சரியக்குறி வைத்த, வாய் அகன்ற பானையைப் போன்ற சின்னம். பொங்கலும் அதுவுமாகப் பானை தெரிகிறதே என்று என் கணவர் வேடிக்கையாகச் சொன்னார். அது டயரில் காற்று குறைந்துவிட்டது என்பதற்கான அடையாளம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த மூடுபனியில், யமுனைப் பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்ப்பதைவிட மெதுவாகப் போய்ச் சேர்வதே மேல் என்று தோன்றியது. கோயில் வாசலில் இறங்கி நான்கு டயர்களையும் சுற்றி வந்து பார்த்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இன்றைய டயர்களின் பக்கச்சுவர் இயல்பாகவே சற்றுப் பிதுங்கித்தான் இருக்கும் என்பதால், ஏழெட்டு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று காற்றழுத்தத்தைச் சொல்லும் அளவு) குறைந்திருந்தாலும் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது.

மறுநாள் விடியற்காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே, அலமாரியில் கிடந்த, காற்றழுத்தம் அளக்கும் பிரஷர் கேஜை எடுத்துப் போய் அளந்தேன். முன்பக்க டயர்களில் 25, 26. பின்பக்கத்தில் 25, 24. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் நான்குக்கும் 33 என்று போட்டிருக்கிறது. ஒரு டயரில் மட்டும் காற்று இறங்கியிருந்தால் ஆணியோ வால்வுக் கோளாறோ என்று சந்தேகிக்கலாம். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியிருந்தால், அங்கே பங்சர் கடைக்காரருக்கு வேலையில்லை. உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதுதான். அப்படிப் போட்டுப் பார்த்த கணக்கையும், அதற்குப் பிறகு தில்லியின் ஒவ்வொரு பருவத்திலும் கவனித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கடைசியாக நான் காற்றடித்தது ஆயுத பூஜையன்று. வண்டியைக் கழுவக் கொடுத்து, வாங்கி, வரும் வழியில் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நின்று, பிற்பகல் மூன்று மணி வெயிலில் "முப்பத்து மூன்று" என்று சொல்லி அடித்துக்கொண்டு வந்தேன். பிறகு பொட்டு, மாலை, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம். எந்திரம் 33 காட்டி ஒலி எழுப்பியதும் கடமை முடிந்தது என்று எண்ணியதுதான் முதல் பிழை. அட்டையில் எழுதியிருக்கும் எண் குளிர்ந்த டயருக்கானது. குளிர்ந்த டயர் என்றால் வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடிச் சூடேறிய டயரில், வெயிலும் சேர்ந்துகொண்ட நிலையில், எண் மூன்று நான்கு கூடுதலாகவே காட்டும். ஆகவே அன்று நான் அடித்த 33, மறுநாள் விடியற்காலையில் இருபது டிகிரி குளுமையில் அளந்திருந்தால் 29 அல்லது 30 என்றுதான் காட்டியிருக்கும்.

இரண்டாவது, குளிர். டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றின் கொள்ளளவு பெரிதாக மாறாதபோது, வெப்பநிலை இறங்க இறங்க அழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும் என்பது பள்ளியில் படித்த விதி. அதைப் போட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் சறுக்குவார்கள். கேஜ் காட்டும் 33 என்பது டயருக்குள் இருக்கும் முழு அழுத்தம் அன்று. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட மிகுதி மட்டுமே. வெளிக்காற்றின் பதினான்கு சொச்சத்தையும் சேர்த்தால்தான் உண்மையான அழுத்தமான 47 சொச்சம் கிடைக்கும். வெப்பநிலையையும் கெல்வினில் எடுத்துக்கொள்ள வேண்டும். 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின். எனவே பத்து டிகிரி இறங்கினால் 47-இல் முப்பதில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1.6 பிஎஸ்ஐ குறையும். வெறும் 33-ஐ வைத்துக் கணக்கிட்டால் 1.1 என்று வந்து, குளிரைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். அக்டோபரின் இருபது டிகிரி விடியல் ஜனவரியில் ஏழு டிகிரிக்கு வந்து நிற்கும்போது, இந்தக் கணக்குப்படி இரண்டு பிஎஸ்ஐ போய்விடுகிறது.

மூன்றாவது, கசிவு. பங்சரே இல்லாத நல்ல டயரிலிருந்தும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ ரப்பர் வழியாகவே வெளியேறிவிடும். பிறந்த நாளுக்கு ஊதிக் கட்டிய பலூன், முடிச்சு அவிழாமலேயே மறுநாள் சுருங்கிக் கிடப்பதற்கும் இதுவே காரணம். டயரின் உட்சுவரில் காற்றை எளிதில் விடாத பியூட்டைல் வகை ரப்பர் பூசப்பட்டிருப்பதால் பலூனில் ஒரே நாளில் நடப்பது இங்கே மாதக்கணக்கில் நடக்கிறது, அவ்வளவுதான். இந்தியச் சாலைகளில் எங்கு பார்த்தாலும் தென்படும் எம்ஆர்எஃப் நிறுவனம், 1946-ஆம் ஆண்டு சென்னைத் திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் செய்யும் சிறு பட்டறையாகத்தான் தொடங்கியது. பலூனுக்கும் டயருக்கும் இடையிலான உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானதுதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். சூடான டயரில் அடித்ததால் மூன்றரை, குளிரால் இரண்டு, மூன்று மாதக் கசிவால் மூன்று: மொத்தம் எட்டரை. முப்பத்து மூன்றிலிருந்து எட்டரை போனால் இருபத்து நான்கரை. பொங்கலுக்கு மறுநாள் என் கேஜ் காட்டிய எண்களின் நடுவே அது சரியாக வந்து உட்காருகிறது. எந்த ஆணியும் குத்தவில்லை. எந்த வால்வும் பழுதாகவில்லை.

விளக்கு ஏன் அவ்வளவு தாமதமாக எரிந்தது என்ற கேள்வியும் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவி, நிர்ணயித்த அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்த பிறகு எச்சரித்தால் போதும் என்பது அங்குள்ள விதி. 33-இல் கால் பங்கைக் கழித்தால் 24.75. என் வண்டியின் ஒரு சக்கரம் 24-ஐத் தொட்ட பிறகே பானை தெரிந்ததைப் பார்த்தால், இதுவும் அதே அளவையொட்டி அமைக்கப்பட்டதாகத்தான் தோன்றுகிறது. அதற்கு முந்தைய பல வாரங்கள், இருபத்தாறிலும் இருபத்தேழிலும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தினமும் லோதி சாலைக்குப் போய் வந்திருக்கிறேன். அந்த விளக்கு காவல்காரன் என்று நினைப்பது தவறு. திருட்டு நடந்து முடிந்த பிறகு வந்து விசாரிப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் பன்னிரண்டு ஆண்டுகள் வண்டி ஓட்டிய எனக்கு இதெல்லாம் ஏன் தெரியாமல் போனது என்று யோசித்தேன். அங்கே மார்கழி விடியலுக்கும் வைகாசி விடியலுக்கும் உள்ள வேறுபாடு ஆறேழு டிகிரிதான். டயரில் அது ஒரு பிஎஸ்ஐ. தில்லியில் ஜனவரி விடியலுக்கும் மே மாத விடியலுக்கும் இடையே இருபது டிகிரி இருக்கிறது. அது மூன்று பிஎஸ்ஐக்கு மேல். இதே ஊரின் சஃப்தர்ஜங் நிலையத்தில் 1935 ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே −0.6 டிகிரி பதிவானதும் உண்டு. ஊர் மாறும்போது பால் வாங்கும் கடையை மாற்றுகிறோம், போர்வையை மாற்றுகிறோம். டயரில் காற்று பார்க்கும் பழக்கத்தை மட்டும் பழைய ஊரின் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறோம்.

கணக்கில் இன்னொரு நுட்பமும் தென்பட்டது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை குளிரும் கசிவும் ஒரே திசையில் இழுக்கின்றன. இரண்டுமே காற்றைக் குறைக்கின்றன. ஜனவரியிலிருந்து மே வரை அவை ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. பொங்கலுக்கு மறுநாள் விடியலில் 33 அடித்து அப்படியே விட்டுவிட்டால்கூட, நான்கு மாதக் கசிவு நான்கைக் குறைக்கும், ஏறும் வெப்பம் மூன்று சொச்சத்தைக் கூட்டும். மே மாத விடியலில் கேஜ் 32-ஐ ஒட்டிக் காட்டும். இதனால்தான் கோடைக்கு முன் காற்று பார்க்காதவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள், குளிருக்கு முன் பார்க்காதவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வடக்கே வாழ்பவர்கள் ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும்தான் அக்கறை காட்ட முடியும் என்றால், அது ஐப்பசி, கார்த்திகையாக இருக்கட்டும்.

கோடைக்கு வருவோம். கோடையில் இயற்கை செய்யும் கெடுதலைவிட நாம் செய்துகொள்ளும் கெடுதலே அதிகம். மே மாதம் மன்னார்குடியிலிருந்து என் மாமனார் வந்திருந்தார். ஆக்ராவுக்குப் போகலாம் என்று முடிவானதும் அவர் முதலில் சொன்னது: "வெயில் காலம்மா, காத்தைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக்க. சூட்டுல விரிஞ்சு வெடிச்சுடும்." பங்க்கில் காற்றடிக்கும் பையனும், நான் எண்ணைச் சொல்வதற்குள், "கர்மீ ஹை மேடம்" (வெயிலாக இருக்கிறது மேடம்) என்று இருபத்தெட்டில் நிறுத்தினான். மன்னார்குடியும் மயூர் விகாரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முழுமையாக ஒத்துப்போவதை அன்று கண்டேன்.

மாமனாரின் நம்பிக்கை ஆதாரமில்லாதது அன்று. அவர் சைக்கிள் காலத்து மனிதர். ஒட்டுப் போட்ட பழைய ட்யூபில் அளவு பார்க்காமல் கைப்பம்பால் அடித்து, சைக்கிளை வெயிலில் சாய்த்து வைத்தால் வெடிக்கத்தான் செய்யும். ஆனால் காரின் ட்யூப்லெஸ் ரேடியல் டயர் வேறு பிறவி. விடியலில் 33 இருக்கும் டயர், நாற்பத்து நான்கு டிகிரி வெயிலில் ஓடி அறுபது டிகிரிக்குச் சூடேறினால் 38 காட்டும். பல கார் டயர்களின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் உச்ச அளவே 44 அல்லது 51; அதையும் தாண்டித் தாங்கும் வலிமையோடுதான் டயரைச் செய்கிறார்கள். இந்த ஐந்து பிஎஸ்ஐ ஏற்றம் நடக்கும் என்று தெரிந்தே அட்டையில் 33 என்று எழுதியிருக்கிறார்கள். சூட்டில் ஏறியதைக் கண்டு பயந்து இருபத்தெட்டுக்கு இறக்கிவிட்டால், மறுநாள் விடியலில் அந்த டயர் இருபத்து மூன்றிலோ இருபத்து நான்கிலோ நிற்கும்.

உண்மையில் வெடிப்பு நிகழ்வது பெரும்பாலும் எதிர்வழியில். வண்டியின் எடையைச் சுமப்பது ரப்பர் அன்று, உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். பதினைந்து அங்குலச் சக்கரம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினான்கு முறை சுழல்கிறது. அத்தனை முறையும் மடங்கி நிமிரும் ரப்பருக்குள் உராய்வுச் சூடு பிறக்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைந்த இடம் கையைச் சுடுவதைப் பார்த்திருப்போம். சாலையின் சூடும் இந்த உட்சூடும் சேர்ந்து, டயருக்குள் இருக்கும் இழைகளும் எஃகுப் பட்டையும் ரப்பரிலிருந்து பிரியத் தொடங்குகின்றன. பிறகு ஒரு கணத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. 2012-இல் திறக்கப்பட்ட யமுனா விரைவுச்சாலை கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளும் கான்கிரீட் தளம். நிறுத்தமில்லாமல் ஒரே வேகத்தில் போகத் தோன்றும் சாலை. வெடிப்புக்குக் கான்கிரீட்டின் மேல் பழி போடுவது எளிது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டியில் இருபத்தெட்டு அடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓட்டுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முழுச் சுமைக்கு அட்டையிலேயே வேறு எண் இருக்கும், குறிப்பாகப் பின்சக்கரங்களுக்கு. அந்த வரியை வாசிப்பவர்கள் குறைவு.

அன்று நான் பையனிடம் மீண்டும் அடிக்கச் சொன்னேன். மாமனார் ஆக்ரா வரும் வரை ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டே வந்தார். மதுரா தாண்டி ஒரு தேநீர்க் கடையில் நின்றபோது அவரே கேஜை வாங்கி அளந்து, "முப்பத்தொன்பது காட்டுதேம்மா!" என்றார். குறைக்கக் கூடாது என்று சொல்லி, கேஜை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டேன். வெயில் பட்ட பக்கத்து டயர்களில் நிழல் பக்கத்தைவிட இரண்டு கூடுதலாக இருந்ததையும் அன்று கவனித்தோம். கறுப்பு ரப்பருக்கு வெயில் ஒன்றே போதும், ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை.

அளவுகோலின் நேர்மையைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியதும், நாடே பரபரத்ததும், பிறகு அந்த உணரி மூன்று டிகிரி அதிகமாகக் காட்டியதாக வானிலைத் துறை கண்டறிந்ததும் பலருக்கு நினைவிருக்கும். வானிலைத் துறையின் கருவிக்கே அந்த நிலைமை என்றால், நாள் முழுதும் தரையில் விழுந்து எழும் பங்க் எந்திரத்தின் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த எந்திரம் சரி என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொண்டு எப்போதும் அதையே நம்புவது நல்லது. அது அரை பிஎஸ்ஐ பிசகினாலும் எப்போதும் ஒரே மாதிரி பிசகும்; ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். இப்போது காரின் பன்னிரண்டு வோல்ட் துளையில் செருகி இயக்கும் சிறிய காற்றடிப்பானும் கிடைக்கிறது. சத்தம் அக்கம்பக்கத்தை எழுப்பிவிடும் என்பதைத் தவிர அதில் குறையில்லை. அது இல்லாதவர்கள், விடியலில் வீட்டில் அளந்து, எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொண்டு, பங்க்குக்குப் போனதும் அங்கே காட்டும் எண்ணின் மேல் அந்தக் குறைவை மட்டும் கூட்டி அடிக்கலாம். சூடான டயரில் அடிக்கும் பிழை இதனால் பெருமளவு விலகிவிடும்.

மழைக்காலத்தில் வெப்பக் கணக்கு பின்னுக்குப் போய் வேறொன்று முன்னே வருகிறது. தேங்கிய நீரின் மேல் வேகமாகப் போகும்போது, டயர் நீரைப் பிதுக்கித் தள்ள முடியாமல் அதன் மேலேயே மிதக்கத் தொடங்கினால், ஸ்டியரிங்கும் பிரேக்கும் பேச்சைக் கேட்காது. விமானச் சக்கரங்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் கண்ட ஒரு சூத்திரப்படி, அந்த மிதக்கும் வேகம் டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காருக்கு அது தோராயமாகத்தான் பொருந்தும் என்றாலும் போக்கு தெளிவு: 33 இருந்தால் மணிக்கு 95 கிலோமீட்டரை ஒட்டி, 25 இருந்தால் 83-ஐ ஒட்டி. டயரின் பள்ளங்கள் தேய்ந்திருந்தால் இன்னும் முன்பாகவே. மின்டோ பாலத்தின் அடியில் தேங்கும் நீரில் மிதக்க வேகமே தேவையில்லை என்பது வேறு கதை.

நைட்ரஜனைப் பற்றிக் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். நைட்ரஜன் அடித்தால் கோடையில் விரியாது என்பது விற்பனைப் பேச்சு; குளிருக்கும் வெயிலுக்கும் அதுவும் ஏறத்தாழ அதே அளவில்தான் இறங்கி ஏறும். ஈரம் இருக்காது, சற்று மெதுவாகக் கசியும் என்ற இரண்டு நன்மைகள் உண்மை. ஆனால் நைட்ரஜன் அடித்தவர்கள் அந்த நம்பிக்கையிலேயே ஆறு மாதம் கேஜைத் தொடுவதில்லை. அதைவிட மாதம் தவறாமல் பார்க்கும் இலவசக் காற்று எவ்வளவோ மேல்.

மலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு விநோதம். சிம்லா கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் தில்லியைவிட ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறைவு. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்குமான வேறுபாட்டை என்பதால், எதுவும் செய்யாமலேயே எண் மூன்று ஏறும். தில்லியில் அளந்தபோது இருந்ததைவிட இருபது டிகிரி குளிராக இருந்தால் அதே மூன்று இறங்கவும் செய்யும். டிசம்பரில் போன நாங்கள் மறுநாள் காலையில் அளந்தபோது எண் அநேகமாக மாறவே இல்லை. என் கணவர் கேஜ் பழுதாகிவிட்டது என்றார்.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு மாமனார் இங்கேதான் இருந்தார். முந்தைய நாள் இரவே வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு, விடியற்காலையில் காற்றடிப்பானை வைத்து நான்கு சக்கரங்களையும் 34-இல் நிறுத்தினேன். வரப்போகும் குளிருக்காக அந்த ஒன்று கூடுதல். இனிப் பொங்கல் வரை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நாட்காட்டியிலும் குறித்தேன். பொட்டு வைத்து, எலுமிச்சம்பழங்களை அடுக்கி நிமிர்ந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "ஸ்டெப்னியைப் பாத்தியாம்மா?"

பார்க்கவில்லை. டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி அளந்தேன். பத்தொன்பது இருந்தது.